மவுன்ஜாரோ போடும்போதே கரு தங்கிவிட்டது, கலைக்கத்தான் வேண்டுமா?

நெல்லைப்பூ: பிசிஓடி (சினைப்பை நீர்க்கட்டி) இருக்கு. நாலு மாசமா மவுன்ஜாரோ (சர்க்கரைக்கும் எடை குறைக்கவும் வாரம் ஒரு தடவை போடுவது) ஊசி, கூடவே கருத்தடை மாத்திரையும் விடாமல் போட்டேன். ரெண்டு வாரமா குமட்டல், ஊசியால்தான்னு இருந்துட்டேன். நேற்று காலை கிட்டில் ரெண்டு கோடு! கடைசி ஊசி போன ஞாயிறு. அடுத்த வாரப் பேனா ஃப்ரிட்ஜில் முட்டைத் தட்டுக்குப் பக்கத்தில் இருக்கு. "பிள்ளை ஊனமாப் பிறக்கும், கலைச்சிடு" என்கிறார் நாத்தனார்.

தாமிரபரணி: தங்கச்சி, அந்தப் பேனாவைத் தொடாதே, டாக்டரைப் பார். ஆனால் இந்த ஊசி பட்டதற்காகவே கலைக்கணும்னு எந்த வழிகாட்டுதலும் இல்லை. 2024-இல் வந்த ஒரு பெரிய ஆய்வில், சர்க்கரை நோய்க்காகக் கருத்தரித்த சமயத்தில் ஓசெம்பிக் வகை ஊசிகள் போட்டிருந்த 938 பேரை இன்சுலின் போட்டவர்களோடு ஒப்பிட்டார்கள். பிறவிக் குறை கூடவில்லை.

கடலோரம்: அக்கா, அந்த ஆய்வில் மவுன்ஜாரோவே கிடையாது. எலி, முயலில் கருவைப் பாதித்த மருந்து இது. கர்ப்பத்துக்கு ஒரு மாசம் முன்னாடியே நிறுத்தச் சொல்கிறார்கள், செமாக்ளூடைடுக்கு (ஓசெம்பிக்கில் இருக்கும் மருந்து) ரெண்டு மாசம். பயமில்லாததற்கா சொல்வார்கள்? பொய் தைரியம் கொடுக்காதீங்க.

தாமிரபரணி: தம்பி, எலிக்கும் முயலுக்கும் அந்த மருந்தால் தீனியே குறைந்து தாய் எடையும் இறங்கியது, பாதிப்பில் அதற்கும் பங்கு இருக்கு. ஒரு மாசக் கணக்கு, மருந்து உடம்பை விட்டு வெளியேற ஆகும் நேரம். உடம்பில் இருக்கும் மருந்து பாதியாகக் குறையவே அஞ்சு நாள் ஆகும். மனிதர்களில் போதுமான தரவு இல்லைங்கறது உண்மை, மறுக்கலை. தரவு இல்லாததையே ஆபத்துக்குச் சாட்சியாக்கி ஒரு பெண்ணைக் கலைக்கச் சொல்லலாமா? அதைத்தான் கேட்கிறேன்.

கடலோரம்: கலைக்கச் சொல்லலை. முடிவு அவங்களுடையது. எனக்குக் கோபமே வேற. இந்த ஊசி இரைப்பையை மெதுவாக்கும், அதனால் கருத்தடை மாத்திரை சரியாக உடம்பில் சேராது. ஆரம்பிச்ச நாலு வாரமும், டோஸ் ஏற்றும் ஒவ்வொரு முறை நாலு வாரமும் ஆணுறை மாதிரி வேறு தடுப்பு வேணும். எழுதிக் கொடுத்தவர் இதைச் சொன்னாரா?

நெல்லைப்பூ: சொல்லவே இல்லை. போன மாசம்தான் டோஸை 5 மில்லிகிராமிலிருந்து 7.5-க்கு ஏற்றினாங்க.

தாமிரபரணி: இதில் தம்பி சொல்வது நூற்றுக்கு நூறு சரி. எடை குறைஞ்சா பிசிஓடியில் கருமுட்டை வெளியேறுவதும் சீராகும், அதையும் யாரும் சொல்வதில்லை. சர்க்கரை இருந்தா மாற்று மருந்து கேட்டுக்கோ. ஃபோலிக் ஆசிட் போடுறியா?

நெல்லைப்பூ: இல்லைக்கா. நாளைக்குப் பத்து மணிக்கு ஸ்கேன். பேனாவையும் கையோடு எடுத்துட்டுப் போறேன், டோஸைக் காட்ட.