நித்தியகல்யாணி: மரபணு எகிறுகிறது, வின்டோலின் அசையவில்லை. யாராவது உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. நித்தியகல்யாணிச் செடியில் ஆல்கலாய்டுகளை (நைட்ரஜன் கொண்ட தாவர வேதிப்பொருட்கள்) உருவாக்கும் மரபணுக்களை ஆராய்ந்துகொண்டிருக்கிறேன். ஒரு இடத்தில் நன்றாக மாட்டிக்கொண்டேன்.

புற்றுநோய் மருந்தான வின்பிளாஸ்டின் இந்தச் செடியில் உருவாவது தெரிந்திருக்கும். டிரிப்டமினும் செகோலோகனினும் இணைந்து ஸ்ட்ரிக்டோசிடின் ஆகிறது. அங்கிருந்து பல படிகள் தாண்டி ஒரு பக்கம் கதரான்தின், மறுபக்கம் வின்டோலின். இரண்டும் இணைந்தால்தான் வின்பிளாஸ்டின்.

இலைகளில் மெத்தில் ஜாஸ்மோனேட் (செடியின் தற்காப்பைத் தூண்டும் ஹார்மோன்) தெளித்து, 24 மணி நேரம் கழித்து நுனியில் உள்ள இளம் ஜோடியைப் பறித்தேன். மரபணுச் செயல்பாட்டை அளக்கும் கியூபிசிஆரில் ஓர்கா3 (ஆல்கலாய்டு மரபணுக்களை முடுக்கிவிடும் மரபணு), ஸ்ட்ரிக்டோசிடின் சிந்தேஸ் (ஸ்ட்ரிக்டோசிடினை உருவாக்கும் நொதியின் மரபணு) இரண்டும் எகிறிவிட்டன. சரி, எதிர்பார்த்ததுதான். ஆனால் சேர்மங்களைப் பிரித்து அளக்கும் ஹெச்பிஎல்சியில் வின்டோலின் கோடு அப்படியே கிடக்கிறது. மூன்று முறை செய்துவிட்டேன், மூன்று முறையும் இதே கதை.

எனக்கு இரண்டு சந்தேகங்கள். ஸ்ட்ரிக்டோசிடின் உருவாவது மேல்தோல் செல்களில். வின்டோலினின் கடைசிப் படிகள் நடப்பதோ இலையின் உள்ளே இருக்கும் இடியோபிளாஸ்ட் (தனித்த சிறப்பு செல்), பால்குழாய் செல்களில். நான் முழு இலையையும் திரவ நைட்ரஜனில் போட்டு அரைத்துவிடுகிறேன். எந்த செல்லில் என்ன நடந்தது என்று எப்படித் தெரியும்? அடுத்தது வெளிச்சம். கடைசிப் படிகளுக்கான டி4ஹெச், டிஏடி மரபணுக்களுக்கு வெளிச்சம் தேவை, என் வளர்ப்பு அறையோ கொஞ்சம் மங்கல்தான்.

இதைச் செய்தவர்கள் சொல்லுங்கள்: தெளித்தபின் எத்தனை நாள் காத்திருந்து வின்டோலினை அளந்தீர்கள்? எத்தனையாவது இலை ஜோடி? மேல்தோலை மட்டும் பிரித்தெடுக்க, செல்களை வெட்டியெடுக்கும் லேசர் கருவி இல்லாமல் ஏதாவது எளிய வழி உண்டா? அப்புறம், கியூபிசிஆரில் ஒப்பிட்டுப் பார்க்க, ஜாஸ்மோனேட் தெளித்தாலும் அளவு மாறாத மரபணு எது?