கொத்துக் குண்டுக்குள் இருக்கும் குண்டுக்கு என்ன பெயர்?

கோத்தகிரி:
வணக்கம். துண்டறிக்கை வியாழக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். கொத்துக் குண்டுத் தடை உடன்படிக்கையிலிருந்து லிதுவேனியா 2025 மார்ச் 6-இல் விலகிவிட்டது. சேர்ந்த நாடு ஒன்று விலகுவது இதுவே முதல்முறை. மற்றவர்களும் கிளம்பிவிடக் கூடாதே என்றுதான் கையெழுத்து வாங்குகிறோம். (இந்தியா சேரவே இல்லை, அதையும் எழுதியிருக்கிறேன்.) மொழிபெயர்ப்பில் இடிப்பது உடன்படிக்கையின் 2-ஆம் பிரிவு. கொத்துக் குண்டு என்பது, ஒவ்வொன்றும் 20 கிலோவுக்குக் குறைவான 'சப்மியூனிஷன்'களை, அதாவது உள்ளிருக்கும் வெடிகுண்டுகளைச் சிதறவிடும் ஆயுதம் என்கிறது. அந்த 'சப்மியூனிஷன்'-க்குத் தமிழ் சொல்லுங்கள்.

உதகை:
முதலில் கொத்தைத் திருத்துங்கள். கோழி கொத்தும், மண்வெட்டி கொத்தும், கொத்தனாரும் வருவார். குறள் 650-இல் பூங்கொத்தைக் குறிக்கும் 'இணர்' இருக்கிறதே! இணர்க்குண்டு; உள்ளிருப்பது சேய்க்குண்டு. இணர், இணை, இணங்கு மூன்றும் ஒரே வேர். விரிவாக நாளை எழுதுகிறேன்.

கூடலூர்:
வேண்டாம் ஐயா. இலங்கைப் பத்திரிகைகளில் 'கொத்தணிக் குண்டு' எப்போதோ வந்துவிட்டது. நாங்கள் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து வந்த குடும்பம், அதுதான் பழக்கம். இலங்கையே 2018-இல் உடன்படிக்கையில் சேர்ந்துவிட்டது. கொழுந்து எடுக்கும் பெண்களிடம் போய் 'இணர்' என்றால் யார் கையெழுத்துப் போடுவார்? பிள்ளைகளைக் கொல்வதற்குச் 'சேய்' என்று பெயர் வேறா?

அருவங்காடு:
குட்டிக் குண்டு என்றால் எல்லாருக்கும் புரியுமே.

கோத்தகிரி:
லாவோஸில் ஏறக்குறைய அப்படித்தான், 'பாம்பி' என்கிறார்கள். 1964 முதல் 1973 வரை அமெரிக்கா அங்கே போட்டவை 27 கோடிக்கு மேல். வெடிக்காமல் கிடந்தவை 8 கோடி வரை இருக்கும் என்கிறார்கள். சில டென்னிஸ் பந்து அளவுதான். பந்தென்று எடுத்து விளையாடிய பிள்ளைகள் எத்தனையோ. குட்டி என்று செல்லமாக எழுதக் கை வரவில்லை. உட்குண்டு?

அருவங்காடு:
கூடு பிரிந்து விழுந்தபின் உள்ளே ஏது டீச்சர்? சிறுகுண்டு எனலாம்.

உதகை:
20 கிலோ சிறியதா? தூக்கிப் பாருங்கள். கொத்தையே வைப்பதானால் நடுவில் வரும் 'க்' என்ற ஒற்றையாவது விடாதீர்கள். 'கொத்து குண்டு' வினைத்தொகை, கொத்துகிற குண்டாகிவிடும்.

கூடலூர்:
கொத்தணி என்று போட்டால் அந்தக் குழப்பமே இல்லை.

கோத்தகிரி:
ஒற்று போட்டாயிற்று ஐயா. கொத்துக் குண்டு, சிறுகுண்டு என்றே அச்சுக்கு அனுப்புகிறேன். இலங்கையிலிருந்து வந்தவர்கள் இருக்கும் பந்தலூர்ப் பக்கம் போகும் பிரதியில் 'கொத்தணி' இருக்கும்.

உதகை:
என் மறுப்பு நிற்கிறது. வேர் பற்றிய கட்டுரையும் வரும்.

அருவங்காடு:
மாதிரிப் பிரதி பார்த்தேன். கையெழுத்துப் போட இடமே விடவில்லையே டீச்சர்?