"ஒரே எண் சொல்லுங்க டாக்டர்"

கோவிட் பெருந்தொற்றுக் காலத்தில் ஒரு சுகாதார அலுவலகத்தின் புள்ளிவிவரப் பிரிவில் வேலை பார்த்தேன். தொற்று எண்ணிக்கையைத் தொகுத்து அதிகாரிகள் கூட்டத்துக்குக் கொண்டுபோவது என் பொறுப்பு.

அங்கே அடிக்கடி நடந்தது இதுதான். தொற்றுநோய் மருத்துவர், "இவ்வளவிலிருந்து இவ்வளவு வரை போகலாம்" என்று ஒரு வரம்பைச் சொல்வார். உடனே, "ஒரே எண் சொல்லுங்க டாக்டர்" என்பார்கள். அவர் தயங்குவார். கடைசியில் வரம்பை அழித்துவிட்டு நடுவில் உள்ள எண்ணை மட்டும் வைக்கச் சொல்லி எனக்கு உத்தரவு வரும். அடுத்த மாதம் அந்த எண் பொய்த்துப்போகும், திட்டு வாங்குவது அந்த மருத்துவர். வரம்போடு வெளியிட்டிருந்தால் நடந்ததும் அதற்குள்தான் இருந்திருக்கும். இது எனக்கு இன்னும் ஆறவில்லை.

உலக அளவிலும் இதேதான் நடந்தது. லண்டன் இம்பீரியல் கல்லூரியின் 2020 மார்ச் 16 அறிக்கை, பிரிட்டனில் 5.1 லட்சம் பேரும் அமெரிக்காவில் 22 லட்சம் பேரும் இறக்கலாம் என்றது. 'எந்தக் கட்டுப்பாடும் இல்லாமல், மக்களும் தாங்களாக மாறாமல் இருந்தால்' என்ற நிபந்தனையும் அதில் இருந்தது. செய்தியில் எண் நின்றது, நிபந்தனை காணாமல் போனது. அப்புறம், "அத்தனை பேர் சாகவில்லையே, கணக்கு பொய்" என்று பலர் என்னிடமே வாதாடினார்கள்.

ஒரு செவிலியர் கேட்டதும் நினைவிருக்கிறது. 2020 மார்ச் 28 அன்று உலக சுகாதார நிறுவனம், 'இது காற்றில் பரவும் நோய் அல்ல' என்று அடித்துச் சொன்னது. ஜூலையில் 239 விஞ்ஞானிகள், காற்றில் பரவுவதைக் கணக்கில் எடுங்கள் என்று பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். "தெரியலைன்னு சொல்லிட்டு, ஜன்னலைத் திறந்து வைங்கன்னு முதல்லயே சொல்லியிருக்கலாமே?" என்றார் அந்தச் செவிலியர். ஜன்னலைத் திறக்க முழு ஆதாரம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. தவறாகப் போனாலும் பெரிய நஷ்டம் இல்லை. பள்ளியை மூடுவது அப்படி இல்லை.

பள்ளி விஷயத்தில் அந்த மருத்துவர் ஒருமுறை தெளிவாகவே சொன்னார்: "மூடினா தொற்று எவ்வளவு குறையலாம்னு நான் சொல்றேன். பிள்ளைங்க படிப்பு போறதுக்கும் பெரியவங்க உயிருக்கும் எடை போடுறது என் வேலை இல்லை, உங்க வேலை." என் கருத்தும் அதுதான். 'அறிவியல் சொல்வதைச் செய்கிறோம்' என்று அரசியல்வாதிகள் சொல்லும்போது, தாங்கள் எடுத்த முடிவுக்கு மருத்துவரைப் பொறுப்பாளியாக்கிவிடுகிறார்கள்.

2021-இல் ஆள் போதாமல் எங்களையும் தொலைபேசி உதவி மையத்தில் உட்கார வைத்தார்கள். அஸ்ட்ராசெனகா தடுப்பூசியைப் பற்றி ஒரு பெரியவர், "நிறுத்தினாங்க, மறுபடி போடுறாங்க, எதை நம்புறது?" என்று கேட்டார். ரத்த உறைவு வருமோ என்ற சந்தேகத்தில் ஜெர்மனி, பிரான்ஸ், இத்தாலி மார்ச் 15-இல் நிறுத்தின. மூன்று நாளில் ஐரோப்பிய மருந்து முகமை, ஆபத்தைவிட நன்மை அதிகம் என்றது. ஏப்ரலில் பிரிட்டன் 30 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு மட்டும் வேறு தடுப்பூசி என்றது. டென்மார்க் முழுவதுமாகக் கைவிட்டது, ஏனென்றால் அங்கே தொற்று கட்டுக்குள் இருந்தது, வேறு தடுப்பூசிகளும் கையில் இருந்தன. அரிதான ரத்த உறைவு பற்றி எல்லோருக்கும் கிடைத்த தகவல் ஏறக்குறைய ஒன்றுதான், சூழ்நிலைதான் வேறு. இதைப் பொறுமையாகச் சொன்னபோது, "சரி, என் வயசுக்கு எது நல்லது?" என்று கேட்டார். அதற்குப் பதில் இருந்தது.

ஓய்வுபெற்ற பொதுச் சுகாதார மருத்துவர் ஒருவர் 1976-ஐ நினைவூட்டினார். பன்றிக் காய்ச்சலுக்குப் பயந்து அமெரிக்காவில் 4 கோடிக்கும் மேற்பட்டோருக்குத் தடுப்பூசி போட்டார்கள். பெருந்தொற்று வரவே இல்லை. சிலருக்கு கில்லன்-பாரே எனும் நரம்புப் பாதிப்பு வர, டிசம்பரில் நிறுத்தினார்கள். தொடங்கியதை அவர் குறை சொல்லவில்லை. எந்தத் தகவல் வந்தால் நிறுத்துவது என்று முன்கூட்டியே எழுதி வைக்காததைத்தான் குறை சொன்னார்.

அதன் பிறகு எங்கள் குறிப்புகளின் அடியில், 'இந்த முடிவு எப்போது மாறும்' என்று ஒரு வரி சேர்க்கத் தொடங்கினோம். சில அதிகாரிகள் வெட்டிவிட்டார்கள், சிலர் விட்டுவைத்தார்கள். விட்டுவைத்த உத்தரவுகளைப் பின்னால் மாற்றியபோது கோபமான அழைப்புகள் குறைவாகவே வந்தன. உங்கள் பகுதியில் அப்படி எழுதிய உத்தரவு எதையாவது பார்த்திருந்தால், அதில் என்ன இருந்தது என்று சொல்லுங்கள்.