மண்ணெண்ணெய் வாசம் வந்த ஒயின்: இந்த மாதிரி இன்னும் எங்கே தேடுவது?

ஜெலுத்தோங் தமிழச்சி:

எல்லாருக்கும் வணக்கம். பினாங்கில் இருக்கிறேன், வயது 46. பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டு வேலை. ஒயின் விஷயத்தில் எனக்கு அனுபவம் குறைவு. எப்போதாவது சூப்பர்மார்க்கெட்டில் 60, 70 வெள்ளிக்கு (ரிங்கிட்) ஒரு சிவப்பு ஒயின் வாங்குவோம். எந்தப் போத்தலைத் திறந்தாலும் அதே இனிப்பு, அதே துவர்ப்பு.

போன மாதம் தஞ்சோங் பூங்காவில் என் வீட்டுக்காரரின் நண்பர் வீட்டில் விருந்து. அவர் ஒரு வெள்ளை ஒயின் ஊற்றிக் கொடுத்தார். கிளாஸை மூக்குப் பக்கம் கொண்டுபோனதும் லூனாஸில் பாட்டி வீட்டு அரிக்கன் விளக்கு ஞாபகம் வந்துவிட்டது. அசல் மண்ணெண்ணெய் வாசம். வாயில் வைத்தால் எலுமிச்சைத் தோலும் நல்ல புளிப்பும். கெட்டுப்போய்விட்டதோ என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். "இந்த வாசத்துக்காகத்தான் பத்து வருசம் வச்சிருந்தேன்" என்றார். போத்தலில் திராட்சை ரகம் ரீஸ்லிங், ஊர் ஆஸ்திரேலியாவின் கிளேர் வேலி என்று போட்டிருந்தது. திருகு மூடி, நான் அதுவரை திருகு மூடி என்றால் மலிவுச் சரக்கு என்றே நினைத்திருந்தேன்.

மார்ச்சில் மகளைப் பார்க்க பெர்த் போகிறோம், எட்டு நாள். அங்கே திராட்சைத் தோட்டங்களுக்குப் போய் ருசி பார்க்கலாம் என்கிறாள். எங்கே போவது, போனால் என்ன கேட்பது, எப்படி நடந்துகொள்வது என்று சொல்லுங்கள்.

இன்னொன்று. அம்மா எங்களோடுதான் இருக்கிறார். தாத்தா சம்பளத்தில் பாதியைத் தோட்டத்துக் கள்ளுக்கடையிலேயே விட்டவர். வீட்டில் போத்தலைப் பார்த்தாலே அம்மாவின் முகம் மாறும், அதில் நியாயம் இருக்கிறது. போதைக்காக நான் இதைத் தேடவில்லை. அந்த வாசம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ள ஆசை.

செந்தூல்காரன்:

தங்கச்சி, உங்கள் மூக்கு நல்ல மூக்கு. பழைய ரீஸ்லிங்கின் அடையாளமே அந்த வாசம்தான். டிடிஎன் என்று சுருக்கிச் சொல்லும் ஒரு வேதிப்பொருள். வெயில் நன்றாக விழுந்த திராட்சையின் தோலில் இருக்கும் கரோட்டினாய்டு நிறமிகளிலிருந்து உண்டாகிறது, போத்தலில் வருடக்கணக்கில் கிடக்கக் கிடக்க வெளியே வருகிறது. ஆஸ்திரேலிய வெயிலுக்குக் கேட்கவே வேண்டாம். இதைக் குறை என்று சொல்பவர்களும் உண்டு. எனக்கு அப்படித் தோன்றியதில்லை.

திருகு மூடிக்கும் ஒரு கதை இருக்கிறது. தக்கையில் சில சமயம் ஈரமான அட்டைப்பெட்டி மாதிரி ஒரு பூஞ்சை நாற்றம் வந்து ஒயினையே கெடுத்துவிடும். அதில் வெறுத்துப்போய் கிளேர் வேலியின் ரீஸ்லிங்காரர்கள் பலர் சேர்ந்து 2000ஆம் ஆண்டு அறுவடையிலிருந்து திருகு மூடிக்கு மாறினார்கள். நல்ல ஒயினைக் காப்பாற்றத்தான் அதைச் செய்தார்கள்.

பெர்த் விஷயத்துக்கு வருகிறேன். கிளேர் வேலி அடிலெய்டுக்கு வடக்கே இருக்கிறது, உங்களுக்கு அது எட்டாது. ஆனால் பெர்த் இருக்கும் மாநிலத்திலேயே ரீஸ்லிங்குக்குப் பேர் போன ஊர்கள் உண்டு. கிரேட் சதர்ன் என்ற வட்டாரம். மவுண்ட் பார்க்கர், பொரொங்குருப், ஃபிராங்லண்ட் ரிவர் எல்லாம் அதில்தான். பெர்த்திலிருந்து தெற்கே நாலு மணி நேரக் கார் பயணம். 1965இல் மவுண்ட் பார்க்கர் பக்கம் ஃபாரஸ்ட் ஹில் தோட்டத்தில் நட்ட முதல் கொடிகளில் ரீஸ்லிங்கும் இருந்தது. எட்டு நாளில் இரண்டு இரவை அங்கே ஒதுக்குங்கள். போனதும் இந்த வருட ரீஸ்லிங்கோடு நின்றுவிடாதீர்கள், "பழைய வருடத்து போத்தல் ஏதாவது திறந்திருக்கிறதா?" என்று கேளுங்கள். உங்கள் அரிக்கன் விளக்கு அதில்தான் இருக்கும்.

எல்லாரும் மார்கரெட் ரிவருக்குப் போகச் சொல்வார்கள். அருமையான இடம்தான், 1967இல் வாஸ் ஃபீலிக்ஸ் என்ற தோட்டம் தொடங்கியதிலிருந்து கேபர்னே என்ற சிவப்பு ரகமும் ஷார்டனே என்ற வெள்ளை ரகமும் அங்கே கொடிகட்டிப் பறக்கின்றன. ஆனால் நீங்கள் தேடும் வாசம் அங்கே இல்லை. இந்தத் தடவை விட்டுவிடுங்கள்.

முதல் நாள் பழகுவதற்கு ஸ்வான் வேலி போதும். நகரத்திலிருந்து காரில் 25 நிமிடம், படகிலும் போகலாம். வெர்டெல்லோ, செனின் பிளாங்க் என்ற இரண்டு வெள்ளை ஒயினையும் அடுத்தடுத்து ருசி பாருங்கள். நான் 2016இல் மனைவியோடு போனேன். பேருந்து பேருந்தாக ஆள் வந்து இறங்கும் மூன்று பெரிய இடங்களில் என்ன குடித்தேன் என்று இன்று ஒன்றுமே நினைவில் இல்லை. நாலாவது ஒரு தகரக் கொட்டகை. முதலாளியே மேசைக்குப் பின்னால் நின்றார். பீப்பாயிலிருந்து கருஞ்சிவப்பாக, இனிப்பாக, ஸ்பிரிட் சேர்த்த பழைய ஒயின் கொஞ்சம் எடுத்துக் கொடுத்து, "என்ன தெரிகிறது?" என்று கேட்டார். பிளம், செர்ரி என்று புத்தகத்தில் படித்ததைச் சொல்ல வாயெடுத்தேன். நான் சின்ன வயதில் பிளம் சாப்பிட்டதே இல்லையே! பனங்கருப்பட்டி, பேரீச்சம்பழம், கொஞ்சம் வறுத்த காப்பிக்கொட்டை என்று சொன்னேன். கருப்பட்டி என்றால் என்ன என்று கேட்டார். குலா மலாக்கா என்ற மலாய் வெல்லத்துக்கு அண்ணன் மாதிரி என்று விளக்கினேன். மனுசர் உள்ளே போய், விற்பனைக்கு வைக்காத இன்னும் பழைய பீப்பாயிலிருந்து ஒரு மடக்கு கொண்டுவந்து, "இதில் எவ்வளவு கருப்பட்டி இருக்கிறது, சொல்லுங்கள்" என்றார். முக்கால் மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம். அதனால்தான் சொல்கிறேன், நெல்லிக்காய், நாவல்பழம், புளியங்காய் என்று உங்கள் வாய் அறிந்ததையே சொல்லுங்கள். கடன் வாங்கிய சொல்லில் ருசி பிடிபடாது.

நடந்துகொள்வது பற்றிக் கேட்டீர்கள். துப்பலாம், அதற்கென்றே பாத்திரம் வைத்திருப்பார்கள். ஒயின் தொழிலில் இருப்பவர்களே துப்புகிறார்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். பத்து ஒயின் ருசி பார்த்துவிட்டுத் தெளிவாக வெளியே வரலாம், அம்மாவிடமும் தைரியமாகச் சொல்லலாம். இருந்தாலும் காரோட்டுபவர் தொடவே வேண்டாம். அங்கே இரத்தத்தில் 0.05 விழுக்காடுதான் எல்லை, நம் நாட்டிலும் 2020 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு அதேதான். ஒரு நாளைக்கு மூன்று இடம் போதும். சின்ன இடங்களுக்கு முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். மார்ச் அறுவடைக் காலம், ஆள் கையில் வேலை இருக்கும். அன்று கோடரித் தைலம் மட்டும் தேய்த்துக்கொண்டு போகாதீர்கள், ஒயின் வாசமே தெரியாது.

போவதற்கு முன் வீட்டில் ஒன்று செய்து பாருங்கள். ஒரே ஊர் ரீஸ்லிங், ஒன்று புதிது, ஒன்று ஆறேழு வருடம் ஆனது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். நாங்கள் ஆறு பேர் மாதம் ஒரு தடவை இப்படித்தான் போத்தலை நாளிதழில் சுற்றிவைத்து ருசி பார்க்கிறோம். தனியாகக் குடிக்கும்போது தெரியாத வித்தியாசம் பக்கத்தில் வைத்தால் உடனே தெரியும்.

பட்டர்வொர்த் மாறன்:

அண்ணன் சொன்னதோடு ஒன்று: பழைய போத்தல் வாங்கும் முன் கடையைப் பாருங்கள். ஜார்ஜ்டவுனில் ஒரு கடையில் கண்ணாடி அலமாரியில் வெயில் பட நின்ற போத்தலை 180 வெள்ளி கொடுத்து வாங்கினேன். திறந்தால் வெந்த ஆப்பிள் வாசம். கடைக்காரர் மாற்றித் தரவில்லை. இன்னும் அந்தக் காசு மனசில் உறுத்துகிறது. குளிர் அறையில் படுக்கவைத்திருந்தால் மட்டும் வாங்குங்கள். காரிலும் விட்டுவிடாதீர்கள். பெர்த்திலிருந்து வரும்போது வரியில்லாமல் ஆளுக்கு 1 லிட்டர்தான், அதாவது ஒரு போத்தல். எதைக் கொண்டுவருவது என்று அங்கேயே முடிவு செய்துவிடுங்கள்.

கிள்ளான் டீச்சர்:

பெர்த் முடிந்ததும் ஒரு தடவை தாய்லாந்தின் காவ் யாய்க்கும் போய் வாருங்கள் அக்கா. பாங்காக்கிலிருந்து காரில் இரண்டரை மணி நேரம். கிரான்மொன்டே என்ற தோட்டத்தில் ஒயின் செய்பவர் நிக்கி லோஹித்நவி என்ற பெண், அடிலெய்டு பல்கலைக்கழகத்தில் படித்தவர். நம்மைப் போன்ற வெப்ப நாட்டில் கொடி குளிர்காலத் தூக்கம் தூங்குவதில்லை. அதனால் வருடத்துக்கு இரண்டு தடவை கவாத்து செய்து, மழையில்லாத மாதங்களில் பழுக்கும்படி பார்த்துக்கொள்கிறார்கள். அங்கே செனின் பிளாங்க் குடித்தபோது நம் பக்கத்து மண்ணிலும் இது முடியுமா என்று கண் கலங்கிவிட்டது.

சாப்பாட்டோடு என்றால், காரமான நண்டு மசாலாவுக்குத் துவர்ப்பான சிவப்பு ஒயின் வேண்டவே வேண்டாம், எரிச்சல் இரண்டு மடங்காகும். கொஞ்சம் இனிப்பு விட்ட ரீஸ்லிங் வைத்துப் பாருங்கள்.

ஜெலுத்தோங் தமிழச்சி:

செந்தூல் அண்ணே, மாறன், டீச்சர், மூவருக்கும் நன்றி. நேற்று இரவு அண்ணன் சொன்னபடி செய்தோம். விருந்து வைத்த நண்பரே ஏழு வருடத்து போத்தல் ஒன்று தந்தார், புதிதை நாங்கள் வாங்கினோம். கூட வஞ்சிரம் வறுவல். புதியதில் பச்சை எலுமிச்சை மட்டும்தான். பழையதில் விளக்கு இருந்தது, ஆனால் அன்றைக்கு அளவுக்கு இல்லை. அன்று குடித்தது பத்து வருடம், அதனால் இருக்கும்.

அம்மா மேசைக்கு வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். வந்து உட்கார்ந்து, "குடிக்க மாட்டேன், மோந்து மட்டும் பாக்குறேன்" என்று கிளாஸை வாங்கினார். ரொம்ப நேரம் பிடித்துக்கொண்டிருந்தார். "இது மண்ணெண்ணெய் இல்லடி. விளக்குக் கண்ணாடி துடைக்கிற துணி வாசம்" என்றார். மறுபடி முகர்ந்து பார்த்தேன். அதுதான்.

மவுண்ட் பார்க்கரில் இரண்டு இரவுக்கு அறை போட்டாகிவிட்டது. காரை என் வீட்டுக்காரர் ஓட்டுகிறார்.