கடல் மீனில் ஒமேகா-3: வெள்ளைச் சதை மீன் மட்டும் போதுமா?

அலைவாய் (கேள்வி):
வாரத்துக்கு ரெண்டு வேளை கடல் மீன். முள் தொந்தரவு இல்லன்னு காட் மாதிரி வெள்ளைச் சதை மீன் துண்டுதான், ஆளுக்கு ஒரு வேளைக்கு 150 கிராம், எண்ணெயில முக்கிப் பொரிச்சது. ஒமேகா-3க்கு இது போதுமா? கர்ப்பிணி ஒருத்தரும் இதையே சாப்பிடறதால பாதரசம் பத்தியும் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

சத்துக்கணக்கு:
புரதத்துக்குப் போதும், ஒமேகா-3க்குப் போதாது. 100 கிராம் பச்சைக் காட் மீனில் புரதம் சுமார் 18 கிராம். கொழுப்பு ஒரு கிராம்கூட இல்லை. மீனிலுள்ள ஒமேகா-3 வகைகளான ஈபிஏ, டிஎச்ஏ இரண்டும் கொழுப்பில்தான் இருக்கு என்பதால், சேர்ந்தே 0.2 கிராம் தேறாது. காட் தன் கொழுப்பைக் கல்லீரலில் சேர்த்து வைக்கும். மத்தி, கானாங்கெளுத்தி எல்லாம் சதையிலேயே சேர்க்கும்.

ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு நாளுக்கு 250 மில்லிகிராம், அதாவது வாரத்துக்கு 1.75 கிராம். உங்க 300 கிராம் காட் தருவது அரை கிராம் சொச்சம். மத்தியில் 100 கிராமுக்குச் சுமார் ஒரு கிராம் கிடைக்கும், அட்லாண்டிக் கானாங்கெளுத்தியில் 2 கிராமைத் தாண்டும். ஒரு வேளையை மட்டும் இதுக்கு மாத்தினாலே கணக்கு ஏறக்குறைய சரியாயிடும். பருவத்தைப் பொறுத்து இந்த எண்கள் மாறும். முட்டையிட்டு முடிச்ச மீனில் கொழுப்பு வத்திப் போயிருக்கும்.

ஆளி விதை சாப்பிட்டால் போதாதான்னு அடுத்து கேப்பாங்க. அதிலுள்ள ஒமேகா-3 வேற வகை. உடம்பு அதில் ரொம்பக் கொஞ்சத்தைத்தான் டிஎச்ஏவா மாத்தும்.

கொதிநிலை:
பொரிக்கறதை முதல்ல விடுங்க. கொழுப்பில்லாத மீனைப் பொரிச்சா சதையிலுள்ள தண்ணி வெளியேறி அந்த இடத்தில் எண்ணெய் ஏறும். கொழுப்பு மீன்னா அதோட ஒமேகா-3 கொஞ்சம் சட்டி எண்ணெய்க்குப் போயிடும், சட்டி எண்ணெய் மீனுக்குள்ள வந்திடும்.

ஆவியில் வேகவைங்க, இல்ல அவன்ல சுடுங்க. 2.5 சென்டிமீட்டர் தடிமனுக்குப் பத்து நிமிஷம் தோராயக் கணக்கு. நடுச்சதை 63 டிகிரி செல்சியஸ் தொடணும். கண்ணாடி மாதிரி இருந்த சதை வெளுத்து, கரண்டி நுனி பட்டதும் ஏடு ஏடாப் பிரிஞ்சா இறக்கிடலாம். தண்ணியில வேகவைச்சா அயோடினும் பி வைட்டமின்களும் அதில் இறங்கும், அந்தச் சாறைக் கொட்டாதீங்க.

டின் மத்தியும் நல்லதுதான். முள்ளோட சாப்பிட்டா 100 கிராமில் சுமார் 380 மில்லிகிராம் கால்சியம். முள்ளை எடுத்துட்டா அதில் பெரும்பகுதி போச்சு.

நீலக்கரை:
பாதரசம் பற்றி. மீனில் இருப்பது மெத்தில் பாதரசம். அது சதைப் புரதத்தோடு பிணைந்திருப்பதால் கழுவினாலும், தோலை உரித்தாலும், எவ்வளவு நேரம் வேகவைத்தாலும் போகாது. சிறிய மீனைப் பெரிய மீன் தின்னத் தின்ன அது சேர்ந்துகொண்டே போகும். ஆகவே கர்ப்பிணிகள் சுறா, வாள்மீன், மர்லின், பெருங்கண் சூரை ஆகியவற்றை அறவே தவிர்க்க வேண்டும். பெரிய வஞ்சிரமும் வேண்டாம். மத்தி, நெத்திலி, காட், சால்மன் போன்றவற்றைச் சாப்பிடலாம். பாதரசம் குறைந்த மீன்களில் வாரம் 225 முதல் 340 கிராம் வரை என்பது அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் பரிந்துரை. பயந்து மீனையே நிறுத்துவதும் தவறு. சிசுவின் மூளை வளர்ச்சிக்கு டிஎச்ஏ தேவை. ஆனால் மீன் ஈரல் எண்ணெய் கர்ப்பிணிக்கு வேண்டாம், அதில் வைட்டமின் ஏ மிக அதிகம்.

இன்னொன்று. மத்திக்கும் கானாங்கெளுத்திக்கும் மாறினால் குளிர்ச்சியில் கவனம் தேவை. வெளியே கிடந்தால் பாக்டீரியாக்கள் சதையிலுள்ள ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தை, ஒவ்வாமை போன்ற தொல்லை தரும் ஹிஸ்டமினாக மாற்றிவிடும். அதைச் சமையல் சூடு அழிக்காது. முகம் சிவந்து, அரிப்பு, தலைவலி எல்லாம் சாப்பிட்ட சிறிது நேரத்திலேயே வரும். வாங்கியது முதல் 4 டிகிரிக்குக் கீழே வைத்து, முடிந்தால் அன்றே சமையுங்கள்.

அலைவாய்:
நன்றிங்க. யூரிக் அமிலம் கூடுதலா இருக்கறவங்களுக்கு மத்தி ஆகுமா?

சத்துக்கணக்கு:
மத்தி, நெத்திலி ரெண்டிலும், உடம்பில் யூரிக் அமிலமா மாறும் பியூரின் அதிகம். யூரிக் அமிலத்தால் மூட்டு வீங்கி வலிக்கும் கீல்வாதம் (கவுட்) வந்துபோகிறவங்களுக்கு அது வேண்டாம். சால்மன் அதைவிடப் பரவாயில்லை, அளவை டாக்டரிடம் கேட்டு வச்சுக்கோங்க. அவங்க பங்கை மட்டும் தண்ணியில வேகவைச்சு, சாறைக் கொட்டிடுங்க. பியூரினில் ஒரு பகுதி அதோட போயிடும்.