துளி மருந்து குடிப்பவர்கள் பழங்களையும் வைட்டமின் சி-யையும் நிறுத்த வேண்டுமா?

கேள்வி

வணக்கம். பல ஆண்டுகளாக மூட்டுவலியால் துன்பப்படும் என் அக்கா, எல்லா நோயையும் தீர்க்கும் என்று இணையத்தில் விற்கப்படும் ஒரு துளி மருந்தை நான்கு வாரங்களாகத் தண்ணீரில் கலந்து, மணிக்கு ஒருமுறை குடித்து வருகிறார். புட்டியின் மீது சோடியம் குளோரைட் என்று எழுதியிருக்கிறது. அமிலத்துடன் கலக்கும்போது நீச்சல் குளத்து வாடை வீசுகிறது. ஆன்டிஆக்சிடன்ட் (ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் பொருள்) உள்ள எதுவும் மருந்தின் வேலையைக் கெடுத்துவிடும் என்று விற்றவர்கள் சொன்னதால் பழம், பழச்சாறு, தேநீர், காபி, கீரை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார். நேற்று நான் உரித்துக் கொடுத்த ஆரஞ்சுச் சுளைகளைக்கூட, இன்னும் இரண்டு வேளைத் துளி பாக்கி இருக்கிறது என்று சொல்லித் தட்டோடு தள்ளி வைத்தார். வாந்தியும் வயிற்றுப்போக்கும் இருக்கின்றன. நச்சு வெளியேறுகிறது என்கிறார். துளிக்கும் சாப்பாட்டுக்கும் நடுவில் இத்தனை மணி நேரம் இடைவெளி விட்டால் போதும் என்று ஏதேனும் கணக்கு உண்டா? பழமாவது அவர் சாப்பிட்டால் போதும் என்றிருக்கிறது.

முதல் மறுமொழி

குடிநீர்ச் சுத்திகரிப்பில் இந்த வேதிப்பொருளைக் கையாள்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். சோடியம் குளோரைட்டுடன் அமிலம் சேரும்போது உண்டாவது குளோரின் டை ஆக்சைடு. காகிதக் கூழை வெளுப்பதற்கும் தண்ணீரில் கிருமிகளைக் கொல்வதற்கும் பயன்படுவது இதுதான். அமெரிக்காவில் ஒரு லிட்டர் குடிநீரில் இது 0.8 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று வரம்பு உண்டு.

வைட்டமின் சி இதை முறித்துவிடும் என்பது உண்மையே. மஞ்சள் நிறமான குளோரின் டை ஆக்சைடு கரைசலில் ஒரு சிட்டிகை வைட்டமின் சி தூளைப் போட்டால், பார்த்துக்கொண்டிருக்கும்போதே நிறம் மறைந்துவிடும். விற்பவர்கள் சொல்வதில் இந்த ஒன்று மட்டும் சரி. ஆனால் இதிலிருந்து என்ன விளங்குகிறது என்பதைத்தான் அவர்கள் சொல்வதில்லை. நம் செல்கள் ஆக்சிஜனேற்றத்தால் சிதையாமல் காப்பவை வைட்டமின் சி, வைட்டமின் ஈ, உடலே தயாரிக்கும் குளுட்டாதயோன் ஆகியவை. அந்தக் காவலை விலக்கினால்தான் வேலை செய்யும் என்று ஒரு பொருளைக் கொடுக்கிறார்கள் என்றால், அது எதன் மீது வேலை செய்யப் போகிறது என்று யோசித்துப் பாருங்கள். கிருமி எது, இரைப்பையின் உட்சுவர் எது என்று அதற்குப் பிரித்தறியத் தெரியாது.

நீங்கள் கேட்ட இடைவெளிக் கணக்குக்கும் பொருளில்லை. பழம் சாப்பிடாவிட்டாலும் வயிற்றுக்குள் போன குளோரின் டை ஆக்சைடு விரைவிலேயே குளோரைட்டாக மாறிவிடுகிறது. இரத்தத்தில் கலப்பது அந்தக் குளோரைட்தான். நிறுத்த வேண்டியது பழத்தை அல்ல, துளியை.

இரண்டாம் மறுமொழி

நான் அவசர சிகிச்சைப் பிரிவில் பணிபுரியும் மருத்துவர். சாப்பாட்டைவிட அந்த வாந்தியும் வயிற்றுப்போக்கும்தான் எனக்கு அதிகக் கவலை தருகின்றன. அவை நச்சு வெளியேறுவதன் அறிகுறிகள் அல்ல. நச்சு உள்ளே போனதன் அறிகுறிகள். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2010-லும் மறுபடி 2019-லும் இந்தத் துளிகளைக் குடிக்க வேண்டாம் என்று எச்சரித்தது. நீரிழப்பால் உயிருக்கு ஆபத்தான அளவுக்கு இரத்த அழுத்தம் இறங்கிய நிகழ்வுகளும் அந்த எச்சரிக்கைகளுக்குக் காரணம்.

குளோரைட் இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினை மெத்ஹீமோகுளோபினாக மாற்றக்கூடியது. அப்படி மாறியது ஆக்சிஜனைச் சுமக்காது. இரத்தமே சாக்லேட் நிறமாகிவிடும். விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி இந்த நிலையில் தவறான அளவைக் காட்டும் என்பதால், அதை நம்பி வீட்டில் இருந்துவிடாதீர்கள். ஜி6பிடி குறைபாடு (சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி பிறவியிலேயே குறைவாக இருப்பது) உள்ளவர்களுக்குச் சிவப்பணுக்களே உடைந்து போகலாம். உதடு நீலம் பூத்தாலோ, மூச்சு வாங்கினாலோ, சிறுநீர் கருத்தாலோ குறைந்தாலோ, உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். அப்படி எதுவும் இல்லையென்றாலும் துளியை இன்றே நிறுத்தி, நாளைக்குள் இரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். புட்டியை மறக்காமல் எடுத்துப் போங்கள்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. அப்படியானால் வைட்டமின் சி மாத்திரையை அதிக அளவில் கொடுத்து இதை ஈடுகட்டிவிடலாமா?

மூன்றாம் மறுமொழி

வேண்டாம். மாத்திரையில் அடைத்த ஆன்டிஆக்சிடன்ட்டும் கணக்கில்லாமல் விழுங்கத் தக்கதல்ல. பின்லாந்தில் 29,133 ஆண் புகைப்பிடிப்பாளர்களைக் கொண்டு நடத்தி 1994-இல் வெளியிட்ட ஆய்வில், பீட்டா கரோட்டின் என்ற ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவதற்குப் பதிலாகக் கூடியிருந்தது. எனவே, இரத்தப் பரிசோதனை முடிவு தெரியும் வரை மாத்திரை எதையும் நீங்களாகத் தொடங்காமல், வயிறு ஏற்கும் சாதாரண உணவைக் கொடுங்கள். பழமும் அதில் இருக்கட்டும்.

இதே துளியை மூன்று மாதம் குடித்தவன் நான். பழங்களைத் தொடாமல் இருந்ததை ஒரு நோன்பு போலவே கருதினேன்; குமட்டல் கூடும்போதெல்லாம் குணமாகிக்கொண்டிருக்கிறேன் என்று நம்பினேன். வீட்டில் எவ்வளவு வாதாடினார்களோ அவ்வளவு பிடிவாதமானேன். கடைசியில் என் தம்பி என்னைத் திட்டவில்லை. புட்டியை எடுத்து வந்து, சிறிய எழுத்தில் இருந்ததைச் சேர்ந்தே படிக்கலாம் என்று பக்கத்தில் உட்கார்ந்தான். தண்ணீரைச் சுத்திகரிப்பதற்கு என்று அதில் அச்சிட்டிருந்தது. அன்று மாலை நான் துளி குடிக்கவில்லை. உங்கள் அக்காவிடம் மூட்டுவலியைப் பற்றிக் கேட்டு, அதிலிருந்து பேச்சைத் தொடங்குங்கள்; அந்த வலிக்கு மருந்து கிடைக்காததால்தான் அவர் அந்தப் புட்டியிடம் போயிருப்பார்.