மறு: இதய வால்வில் ‘வெஜிடேஷன்’, தமிழில் என்ன?

வணக்கம் ஐயா, குழுவினருக்கும் வணக்கம். இதய வால்வில் ஒட்டி வளரும் துணுக்கை மருத்துவத்தில் ‘வெஜிடேஷன்’ என்பார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடி இங்கே நீங்கள் எழுதியவற்றுக்கு என் பதில் இது.

> வெஜிடேஷன் = தாவரவளரி. நேர்ப்பொருள் அமைந்திருப்பதால் இதையே கொள்ளலாம்.

மன்னிக்கவும், இதை ஏற்க மனம் வரவில்லை. எக்கோ (ஒலியலையால் இதயத்தைப் பார்க்கும் சோதனை) அறிக்கையில் இந்தச் சொல்லைப் பார்த்துவிட்டுக் கைபேசியில் மொழிபெயர்த்துப் படித்த ஒருவர், “அப்பா இதயத்துல செடி முளைச்சிருக்கா டாக்டர்?” என்று என்னிடம் கேட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. செடியும் இல்லை, கொடியும் இல்லை. வெறும் தோற்றத்தை வைத்து என்றைக்கோ இட்ட பெயர் அது. அதைத் தமிழில் இன்னொரு முறை நட்டு வளர்க்க வேண்டுமா?

பொருளைப் பார்த்துவிட்டுப் பெயர் வைப்போம். எக்கோத் திரையில் வால்வின் இதழ் திறந்து மூடும்போது, அதன் விளிம்பில் ஒரு துணுக்கு மட்டும் இதழின் தாளத்தோடு சேராமல் தன்போக்கில் படபடக்கும். அறுவையில் வெளியே எடுத்தால் மஞ்சளும் பழுப்புமாக இருக்கும். இடுக்கியால் தொட்டாலே உதிரும். இரத்தம் உறையும்போது உண்டாகும் ஃபைப்ரின் இழை, உறைதலுக்கு உதவும் தட்டணுக்கள், அவற்றுக்குள் புதைந்த பாக்டீரியா, அவ்வளவுதான். வால்வு இதழில் இரத்தக்குழாய்கள் ஏறக்குறைய இல்லாததால் வெள்ளணுக்கள் உள்ளே போய்ச் சண்டை போடுவது கடினம். அதனால்தான் நரம்பு ஊசியாகவே நான்கு வாரம், எண்டரோகாக்கஸ் என்ற குடல் கிருமி என்றால் பெரும்பாலும் ஆறு வாரம் மருந்து ஏற்றுகிறோம். நடுவில் ஒரு துண்டு உடைந்து மூளைக்குப் போனால் பக்கவாதம்.

ஆக, ஒட்டியிருப்பது, திரண்டிருப்பது என்ற இரண்டும் சொல்லுக்குள் வந்தால் போதும். என் பரிந்துரை: ஒட்டுத்திரள்.

> தொற்றுத்திரள் என்றால் காரணமும் விளங்குமே?

விளங்கும் அம்மா, ஆனால் எல்லா இடத்திலும் பொருந்தாது. உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் லூபஸ் நோயிலும், முற்றிய புற்றுநோயிலும் கிருமியே இல்லாமல் இதே திரள் வால்வில் உண்டாகும். ஒட்டுத்திரள் என்று வைத்துக்கொண்டால் ‘தொற்று ஒட்டுத்திரள்’, ‘தொற்றிலா ஒட்டுத்திரள்’ என்று பிரித்துச் சொல்ல வசதி.

நம் உரையாடல் தொடங்கிய இடத்துக்கு வருகிறேன். குடலில் குடியிருக்கும் கிருமி இதயத்துக்கு வருவது பற்றி. அப்படிப்பட்ட கிருமிகளில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் போவிஸ் என்று பழைய புத்தகங்களில் இருப்பதில் ஒரு பகுதிக்கு 2003-இல் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் காலோலைட்டிகஸ் என்று பெயர் மாற்றினார்கள்.

> காலோலைட்டிகஸ் = பித்தச்சிதைப்பி

இல்லை ஐயா. இங்கே ‘கால்’ (gall) என்பது பித்தம் அன்று. ஓக் மரத்தில் பூச்சி முட்டையிட்டதால் புடைக்கும் காய். நம் நாட்டு மருந்துக்கடையில் மாசிக்காய் என்று கேட்டால் கொடுப்பார்களே, அதேதான். குழந்தைக்கு உரைமருந்தில் உரசிக் கொடுப்பது. அதன் துவர்ப்புச் சரக்கிலிருந்து கிடைப்பது காலிக் அமிலம். அதன் உப்பைச் சிதைக்கும் கிருமி என்பதே பெயரின் பொருள். இந்தக் கிருமி பித்தநீரிலும் தாக்குப்பிடிக்கும், அது வேறு சங்கதி. தமிழில் வேண்டுமானால் ‘துவர்ச்சிதைப்பி’ என்று விளக்கமாகச் சொல்லலாம். ஆனால் உயிரினத்தின் இலத்தீன் பெயரை ஒலிபெயர்த்து விடுவதே நல்லது. இரத்த வளர்ப்புச் சோதனை அறிக்கையில் வரும் பெயரும் நாம் எழுதும் பெயரும் ஒன்றாக இருந்தால்தான் நோயாளிக்கு உதவும்.

ஏன் இவ்வளவு அழுத்துகிறேன் என்றால், இந்த ஒரு பெயருக்குப் பின்னால் ஒரு சோதனை நிற்கிறது. 1951-இலேயே வால்வுத் தொற்றும் பெருங்குடல் புற்றும் ஒரே நோயாளியிடம் சேர்ந்திருந்ததை மெக்காய், மேசன் இருவரும் எழுதினார்கள். 1977-இல் இந்தத் தொடர்பு இன்னும் வலுவாக நிறுவப்பட்டது. இன்றைக்கு இந்தக் கிருமி இரத்தத்தில் வளர்ந்தால், வயிற்றில் ஒரு தொந்தரவும் இல்லாதவருக்குக்கூடப் பெருங்குடல் உள்நோக்கிச் சோதனை செய்யச் சொல்கிறோம். கட்டி தொடக்க நிலையிலேயே அகப்பட்டுவிடலாம் அல்லவா? இந்தக் கிருமியின் உடலில் உள்ள மயிரிழை போன்ற நீட்சிகள், திசுக்களைத் தாங்கும் புரதமான கொலாஜனைப் பற்றிக்கொள்பவை. சேதமான வால்வில் கொலாஜன் வெளியே தெரியும். ‘ஒட்டு’ என்ற சொல்லுக்கு இதுவும் ஒரு சாட்சி.

அப்புறம் எண்டோகார்டைட்டிஸ், அதாவது இதயத்தின் உட்படலமும் வால்வும் அழலும் நோய். ‘இதய உள்ளுறை அழற்சி’ என்று பரவலாக எழுதுகிறோம். அகப்பாட்டு படித்தவருக்கு உள்ளுறை என்றால் உவமம்தான் நினைவுக்கு வரும்! ‘இதய உட்படல அழற்சி’ எனக்குத் தெளிவாகப் படுகிறது. ஆனால் புழக்கத்தில் இருப்பதை மாற்றுவது பெரிய வேலை, அதற்குத் தனி உரையாடல் தொடங்கலாம். வால்வை வால்வாகவே விட்டுவிடுங்கள். கவாடம் என்றால் வார்டில் ஒருவருக்கும் புரியாது.

நோயாளிகளுக்கான துண்டறிக்கை ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒட்டுத்திரளுக்கு வலுவான மறுப்பு இருந்தால் இந்த வாரத்துக்குள் சொல்லிவிடுங்கள், அச்சுக்குப் போக வேண்டும்.